ஒன்றரை அடி ரெட் டெயிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வாசகர் கடிதம்

வணக்கம் சார். நாங்கள் மதுரையில் இருக்கிறோம். எட்டு மாதத்துக்கு முன்பு சென்னை போயிருந்தபோது கொளத்தூரில் ரெட் டெயில் கேட்ஃபிஷ் குஞ்சு ஒன்று வாங்கினோம். ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகன் ஆசைப்பட்டுக் கேட்டான். அப்போது மூன்று அங்குலம்தான் இருந்தது. "தொட்டி அளவுக்குத்தான் வளரும், பயப்படாதீங்க" என்றார் கடைக்காரர். இப்போது ஒன்றரை அடி ஆகிவிட்டது. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டியில் இருக்கிறது. கோழிக் குடலும் ஈரலும் போட்டு வளர்த்தோம். வாரம் ஒருமுறை முழுத் தண்ணீரையும் இறைத்துவிட்டு, கூழாங்கல், ஃபில்டர் பஞ்சு எல்லாவற்றையும் குழாயடியில் அலசி வைக்கிறோம். இருந்தும் இரண்டே நாளில் தண்ணீர் கலங்கி வாடை வருகிறது. கூட இருந்த ஆஸ்கர் மீனைப் போன வாரம் ராத்திரி விழுங்கிவிட்டது. அதிலிருந்து ஆறு நாளாக எதையும் தொடாமல் மூலையில் கிடக்கிறது. தீனியைக் குறைத்தால் வளர்ச்சி நிற்குமா? ஆறடித் தொட்டி போதுமா, இல்லை மொட்டை மாடியில் சிமென்ட் தொட்டி கட்டலாமா? கடையில் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார்கள். என் மைத்துனர் கண்மாயில் விட்டுவிடச் சொல்கிறார். மகனோ இதைக் கொடுத்துவிட்டு ஷார்க் வாங்கலாமா என்கிறான். ஆனால் இதற்குக் 'குண்டன்' என்று பெயர் வைத்து அவன்தான் தினமும் பேசிக்கொண்டிருப்பான். வழி சொல்லுங்கள்.

பதில்

அன்புள்ள வாசகருக்கு,

ஆறு நாள் பட்டினியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் அதுதான் பெரிய கவலையாக இருக்கும். பெரும்பாலும் அதில் பயப்பட ஒன்றுமில்லை. ரெட் டெயில் பெரிய இரையை அப்படியே விழுங்கிவிட்டு, செரிக்கும் வரை தரையோடு தரையாகக் கிடக்கும். கையகல ஆஸ்கர் முள்ளும் செதிலுமாக உள்ளே போயிருக்கிறது. ஒரு வாரம், பத்து நாள் அது வாய் திறக்காமல் இருந்தாலும் இயல்புதான். அது வரைக்கும் எதையும் போடாதீர்கள், கையை விட்டுத் தடவிப் பார்க்காதீர்கள், தொட்டி மாற்றவும் வேண்டாம். வயிறு நிறைந்திருக்கும்போது மிரண்டால் விழுங்கியதைக் கக்கிவிடும். அரைகுறையாகச் செரித்த ஒரு முழு மீன் உங்கள் தொட்டியில் கிடந்தால் ஒரே இரவில் தண்ணீர் விஷமாகிவிடும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தொட்டியில் கூழாங்கல் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த மீன் இரையைக் கடித்துத் தின்பதில்லை. வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். பக்கத்தில் கல் இருந்தால் அதுவும் உள்ளே போகும். ஹீட்டர், ஃபில்டரின் ரப்பர் கப், பிளாஸ்டிக் செடி எதையும் அது விட்டுவைக்காது. ஆகவே கற்களை இன்றே ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். இதன் தொட்டிக்கு அடித்தளம் வெறும் கண்ணாடியாக இருப்பதே நல்லது. வயிற்றின் ஒரு பக்கம் மட்டும் கட்டியாகப் புடைத்திருந்தாலோ, மீன் தலைகீழாகச் சாய்ந்தாலோ, செவுள் மூடி வேகவேகமாக அடித்துக்கொண்டாலோ, பதினைந்து நாள் கடந்தும் சாப்பிடாவிட்டாலோ, மீன் நோய் தெரிந்த ஒருவர் நேரில் பார்த்தாக வேண்டும். உங்களுக்கு எட்டுகிற தூரத்தில் தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது, விசாரித்துப் பாருங்கள். கடையில் கிடைக்கிற நீல மருந்தையும் பச்சை மருந்தையும் நீங்களாக ஊற்றிவிட வேண்டாம். ரெட் டெயில் கெளுத்தி இனம், உடம்பில் செதில் கிடையாது. செதில் மீன் தாங்குகிற மருந்தளவு இதற்கு ஆபத்தாகலாம். மலக்கைட் கிரீனும் தாமிரம் கலந்த மருந்தும்தான் இதில் ரொம்ப மோசம்.

அடுத்து தண்ணீர். என் கணிப்பில் உங்கள் மீனுக்கு இப்போதைய உடனடி ஆபத்து இங்கேதான் இருக்கிறது, பட்டினியில் இல்லை.

சுத்தமாக வைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் வாராவாரம் எல்லாவற்றையும் அலசுகிறீர்கள். கலங்கலுக்குக் காரணமும் அதுதான். மீன் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அம்மோனியாவை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியா அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும். அந்தப் பாக்டீரியா ஒரு தொட்டியில் நிலைகொள்ள ஒரு மாதம்கூட ஆகும். நீங்கள் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பிழியும் ஒவ்வொரு முறையும் அந்தக் குடியிருப்பு காலியாகிவிடுகிறது. அப்புறம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அது நிலைகொள்வதற்குள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். எட்டு மாதமாக இந்த மீன் தன் சொந்தக் கழிவுக்குள்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

மதுரைப் பக்கம் போர் தண்ணீர் பல இடங்களில் கடினமாக இருக்கும், பிஎச் எனப்படும் அமில-கார அளவு 8-ஐ ஒட்டி நிற்கும். அதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. அம்மோனியாவின் அளவு ஒன்றேயானாலும், பிஎச் 7 உள்ள தண்ணீரைவிட 8 உள்ள தண்ணீரில் அதன் விஷப் பகுதி ஏறக்குறைய 10 மடங்கு அதிகம். கோடையில் தண்ணீர் சூடானால் இன்னும் கூடும். சூடான தண்ணீரில் பிராணவாயுவும் குறைவாகத்தான் கரையும். சித்திரை, வைகாசியில் கரண்ட் போய் ஏர் பம்ப் நின்றால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அதனால் இனிமேல் முழுத் தண்ணீரையும் இறைக்காதீர்கள். முதல் மூன்று நாள், நாளுக்குக் கால் பங்கு மாற்றுங்கள். பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு. புதுத் தண்ணீரை ஆன்டி குளோரின் போட்டு, சூடு ஒத்துப்போகிறதா என்று கையை விட்டுப் பார்த்த பிறகு ஊற்றுங்கள். ஃபில்டர் பஞ்சை, தொட்டியிலிருந்து இறைத்த அந்த அழுக்குத் தண்ணீரிலேயே லேசாக நாலு அலசு அலசினால் போதும். ஒரு அம்மோனியா சோதனைக் கிட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனாலும் ஓடுகிற பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் வேண்டும். இன்னொரு ஆஸ்கர் எஞ்சியிருந்தால் அதை இன்றே வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

கோழிக் குடலையும் ஈரலையும் நிறுத்திவிடுங்கள். தரையில் வாழும் பிராணியின் கொழுப்பு இந்த மீனின் உடம்புக்குப் பழக்கமில்லாதது. ஈரலில் போய்ப் படிந்து, வெளியே கொழுகொழுவென்று தெரிகிற மீனை உள்ளுக்குள் அழித்துவிடும். குடல் தொட்டித் தண்ணீரைக் கெடுக்கிற வேகமும் அதிகம். உயிருள்ள கோல்டு ஃபிஷ்ஷை வாங்கிப் போடுகிற பழக்கமும் வேண்டாம். அதில் நோய் வரும்; அதோடு கோல்டு ஃபிஷ் உடம்பில் பி1 வைட்டமினை அழிக்கிற ஒரு நொதி இருக்கிறது, அதையே தின்று வளரும் மீனுக்கு நரம்புக் கோளாறு வந்துவிடும். மீன் மறுபடி பசியெடுத்து உலாவத் தொடங்கியதும், தண்ணீரில் மூழ்கும் பெல்லட் என்ற உருண்டைத் தீனிக்குப் பழக்குங்கள். இடையிடையே தோலுரித்த இறால், ஜிலேபி மீன் துண்டு, மண்புழு என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். இந்த வயதில் வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று வேளை தாராளம். வயிறு லேசாக உருண்டால் நிறுத்திவிட வேண்டும். அது உங்களைப் பார்த்ததும் கண்ணாடியோரம் வந்து மீசையை ஆட்டும், கெஞ்சுகிற மாதிரி இருக்கும். மகனிடம் சொல்லி வையுங்கள், அது பசியில்லாதபோதும் அப்படித்தான் வரும்.

சரி, இப்போது கடைக்காரர் சொன்ன அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். "தொட்டி அளவுக்குத்தான் வளரும்." இந்தத் தொழிலில் நான் அதிகம் கேட்ட பொய் இதுதான். சொல்கிறவர்களில் பலர் அதை நம்பியே சொல்கிறார்கள் என்பதுதான் வருத்தம். அதற்குள் கொஞ்சம் உண்மையும் கலந்திருக்கிறது. நெருக்கடியான தொட்டியில், கெட்ட தண்ணீரில், மீனின் வளர்ச்சி மெதுவாகும். சோறு கிடைக்காத குழந்தை உயரம் குறைவாக வளர்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. முதுகெலும்பு வளையும், வால் கண்ணாடியில் இடித்து இடித்துத் தேயும், மூக்கு நுனி புண்ணாகும், ஆயுளில் பாதி போய்விடும். அப்படியும் அது நாலடித் தொட்டிக்கு அடங்குகிற அளவில் நிற்கப் போவதில்லை. தீனியைக் குறைத்தால் வளர்ச்சி நிற்குமா என்று கேட்டிருந்தீர்கள். அளவாகக் கொடுப்பது வேறு, வளரக் கூடாது என்று பட்டினி போடுவது வேறு. இரண்டாவதைச் செய்யாதீர்கள்.

உங்கள் கையில் இருப்பது என்ன மீன் என்று தெரிந்தால் நான் சொல்வது விளங்கும். அமேசான், ஒரினோகோ, எஸ்ஸெகிபோ என்ற தென் அமெரிக்காவின் மூன்று பெரிய ஆற்று வடிநிலங்கள்தான் இதன் சொந்த ஊர். பிரேசிலில் 'பிராராரா' என்பார்கள். அந்த ஊர் துப்பி மொழியில் 'பிரா' என்றால் மீன், 'அராரா' என்றால் பஞ்சவர்ணக் கிளி. அந்தச் சிவந்த வாலைப் பார்த்து வைத்த பெயர். வளர்ந்த மீன் 1.3 மீட்டரைத் தொடும், அதாவது நாலே கால் அடி. எடை 50 கிலோ வரை போகும். மழைக்காலத்தில் ஆறு பெருகிக் காட்டுக்குள் புகும்போது இதுவும் மரங்களுக்கு நடுவே நீந்திப் போய், மீனும் நண்டும் தின்பதோடு தண்ணீரில் உதிர்ந்த பழத்தையும் விழுங்கும். இதன் பேரினத்தில் இன்று உயிரோடு இருப்பது இந்த ஒரே இனம். இதன் பங்காளிகள் எல்லாம் தென் அமெரிக்கப் பாறைகளில் புதைபடிவமாகத்தான் கிடைத்திருக்கிறார்கள். நம் ஆற்று வாளைக்கும் இதற்கும் ஒரு சின்ன ஒற்றுமை உண்டு. இரண்டுக்கும் அறிவியல் பெயர் சூட்டியவர்கள் பிளாக், ஷ்னைடர் என்ற இரண்டு ஜெர்மானியர்கள், இரண்டும் அதே 1801-ஆம் ஆண்டில். வாளையைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கலாமா என்று காவிரிக் கரை மீன்காரரிடம் யாராவது கேட்டால் என்ன சொல்வார்? அந்த அளவு மீன்தான் உங்கள் வரவேற்பறையில் கிடக்கிறது.

நன்றாகக் கவனித்தால் இது 15 முதல் 20 வருடம் வாழும். உங்கள் மகன் கல்லூரி முடித்து வேலைக்குப் போய், கல்யாணப் பேச்சு எடுக்கிற வரை.

ஆறடித் தொட்டி போதுமா என்பதற்கு நேரான பதில்: ஒரு வருடத்துக்கு, அதிலும் நெருக்கிப் பிடித்தால். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் சுமார் 680 லிட்டர். நீளத்தை எல்லோரும் பார்க்கிறார்கள், அகலத்தை யாரும் பார்ப்பதில்லை. இது புரண்டு திரும்புகிற மீன். இப்போதே உங்கள் தொட்டியின் அகலமும் மீனின் நீளமும் ஒன்று; திரும்ப வேண்டுமென்றால் அது உடம்பை வளைத்து மடக்கித்தான் திரும்ப முடிகிறது, கவனித்துப் பாருங்கள். இரண்டு வயதுக்குள் இது இரண்டடியைத் தாண்டிவிடும். அப்போது புதுத் தொட்டியிலும் இதே கதை. ஆறடித் தொட்டிக்கு ஆகிற செலவைச் செய்துவிட்டு ஒரு வருடத்தில் மறுபடி எனக்கு எழுதுவீர்கள். அப்போது மீன் இரண்டடியைத் தாண்டியிருக்கும், அதை எடுத்துக்கொள்ள முன்வருகிறவர்களும் குறைந்திருப்பார்கள். அதனால்தான் அந்தச் செலவு வேண்டாம் என்கிறேன்.

மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் இது மீனோடு போகிற விஷயம் இல்லை. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் அதன் எடை 1,000 கிலோ, அதாவது ஒரு டன். நம் நாட்டுக் கட்டட விதிகளின்படி குடியிருப்பு வீட்டுத் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ கூடுதல் பாரத்துக்குக் கணக்குப் போட்டுத்தான் கட்டப்படுகிறது, மொட்டை மாடிக்கு அதைவிடவும் குறைவு. தளம் தாங்க வேண்டியதைப் போல ஐந்து மடங்கைக் கொண்டுபோய் ஏற்றுகிறீர்கள், அதுவும் வருடக் கணக்கில், தொட்டிச் சுவரின் எடை தனி. அதற்குக் கீழே நீங்கள் தூங்குவீர்கள். தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறோமே என்று கேட்கலாம். அது தூண் பார்த்து, பீம் பார்த்து, அதற்கென்று எழுப்பிய மேடையில் இருக்கிறது. வெயிலில் சூடாகும் மொட்டை மாடித் தண்ணீரும் மீனுக்கு ஆகாது.

தரையில் கட்டலாமா? இடமும் பணமும் இருந்தால் கட்டலாம். நான் பரிந்துரைக்கக்கூடிய குறைந்தபட்ச அளவு ஐந்து மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான ஆழம். ஏறக்குறைய 16,000 லிட்டர் தண்ணீர். புது சிமென்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கி பிஎச் ஏறும் என்பதால், பல வாரம் தண்ணீர் நிறுத்தி, மாற்றி மாற்றி ஊற வைக்க வேண்டும். தொட்டித் தண்ணீர் மணிக்கு ஒருமுறையாவது ஃபில்டர் வழியாகச் சுற்றி வருகிற மோட்டார் வேண்டும், அது இரவும் பகலும் நிற்காமல் ஓட வேண்டும், கரண்ட் போனால் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ள வேண்டும். மேலே நிழல், சுற்றிலும் துள்ளி விழாதபடி வலை. மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் ஏறினாலும் தொட்டிக்குள் வெள்ளம் புகாத உயரத்தில் சுவர். இது மொத்தமும் 15 வருடத்துக்கு. நம் ஊரில் இதைச் சொந்தமாகச் செய்து, நன்றாகவே வைத்திருக்கிறவர்கள் உண்டு. அவர்களைப் பார்த்தால் எனக்கு மரியாதைதான். ஆனால் ஆசைக்கு வாங்கிய ஒரு குஞ்சுக்காக ஒரு குடும்பம் இதைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். என்னைக் கேட்டால், குண்டனை நீங்கள் கொடுத்துவிடத்தான் வேண்டும். அது ஒன்றரை அடியாக இருக்கும் இப்போதே.

உங்கள் மைத்துனர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மீனுக்கு விடுதலை என்றுதான் நினைக்கிறார். அவரிடம் இதைச் சொல்லுங்கள். கண்மாய் ஒரு தனிக் குளம் கிடையாது. ஒன்று நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்ததற்குப் போகும், அது நிறைந்தால் அதற்கடுத்தது. நம் முன்னோர்கள் அப்படித்தான் சங்கிலியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு கண்மாயில் விட்டது எந்த ஊர்க் கண்மாயில் போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நம் தண்ணீருக்கு இதை எதிர்த்துப் பழக்கமில்லை. விராலும் கெளுத்தியும் குறவையும் தங்களுக்குள் ஒரு கணக்கில் வாழ்கின்றன. இது எதையும் விழுங்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு அயிரை மீன் கிடைக்கிறதா என்று சந்தையில் தேடுகிற ஊர்க்காரர் நீங்கள். அந்த அயிரை இருக்கிற தண்ணீரில் இதை விடுவது நியாயமா என்று யோசித்துப் பாருங்கள்.

தொட்டி கிளீனர் என்று வாங்கி, பெரிதானதும் ஏரியில் விட்ட சக்கர் மீனைப் பற்றி, தமிழ்நாட்டு நீர்நிலைகளில் இன்று வலை போடுகிற எந்த மீனவரிடமும் கேட்டுப் பாருங்கள். முள்ளும் கவசமுமாக வலையைக் கிழிக்கும், விற்கவும் முடியாது. எல்லாம் ஒவ்வொரு வீட்டிலிருந்து ஒன்று, இரண்டாகப் போனவைதான். கேரளாவில் 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு சாலக்குடி ஆற்றில் அரபைமா என்ற ராட்சத மீன் சிக்கியது. அதுவும் அமேசான்காரன்தான், எங்கோ வளர்த்த இடத்திலிருந்து வெள்ளத்தோடு வெளியே வந்தது. மலேசிய ஆறுகளில் இதே ரெட் டெயில் பிடிபட்டிருக்கிறது. கோயில் தெப்பக்குளம் என்றாலும் என் பதில் இதேதான்.

அப்படியானால் யாரிடம் கொடுப்பது? முதலில், தரைமட்டத்தில் பெரிய தொட்டி வைத்துப் பெரிய மீன் வளர்க்கிற தனிப்பட்ட ஆர்வலர்கள். மதுரை, கோவை, சென்னை எங்கும் இருக்கிறார்கள். அலங்கார மீன் பண்ணை வைத்திருப்பவர்களிடமும் கேளுங்கள். பிறகு தனியார் மீன் காட்சியகங்கள், ரிசார்ட் மாதிரி இடங்கள். ஆனால் காட்சியகங்களுக்கு இப்படி ஏற்கெனவே நிறையப் பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள், மறுத்தால் மனம் உடைய வேண்டாம். மீனுக்குக் காசு கேட்காதீர்கள். விலை பேசினால் காசு கொடுக்கிறவர் வருவார், இடம் வைத்திருக்கிறவர் வர மாட்டார். கொடுக்கும் முன் நேரில் போய்ப் பாருங்கள். தொட்டியின் அகலம் மீனின் முழு வளர்ச்சியைத் தாங்குமா, ஃபில்டர் ஓடுகிறதா, கூட இருக்கும் மீன்கள் இதைவிடப் பெரியவையா, வடிகாலில் வலை கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு முன் வைத்திருந்த பெரிய மீன் என்ன ஆயிற்று என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். "ஆறடித் தொட்டி இருக்கு, கொடுங்க" என்று வருகிறவருக்குக் கொடுக்காதீர்கள். அவர் அடுத்த வருடம் உங்கள் நிலைக்கு வருவார்.

கொண்டுபோகும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள், பல மீன்கள் சாவது அந்த ஒரு நாளில்தான். ஐந்தாறு நாள் தீனி நிறுத்திவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். வலையால் பிடிக்கக் கூடாது. பக்கத் துடுப்பின் முன்முள் ரம்பம் மாதிரி இருக்கும், வலையில் சிக்கினால் முள்ளும் உடையும், மீனும் கிழியும். அந்த முள்ளை எலும்போடு உரசி அது ஒரு சத்தம்கூடப் போடும், பயந்து கையை விட்டுவிடாதீர்கள். பிளாஸ்டிக் பையும் ஓட்டையாகும். மீன் மார்க்கெட்டில் ஐஸ் போட்டு வைப்பார்களே, அந்த மூடி போட்ட தெர்மாகோல் பெட்டியில் பெரியது ஒன்று, மூன்றடி நீளத்தில் வாங்குங்கள். பாதி அளவுக்கு அதே தொட்டித் தண்ணீரை நிரப்பி, பேட்டரி ஏர் பம்ப் போடுங்கள். வழுவழுப்பான தார்ப்பாய்த் துண்டைத் தொட்டில் மாதிரி மீனுக்கு அடியில் விட்டு, இரண்டு பேர் தூக்கி, தண்ணீரோடு பெட்டியில் இறக்க வேண்டும். மூடியை மூடி இருட்டாக்கிவிட்டால் அடங்கிக் கிடக்கும். விடிகாலையில் கிளம்புங்கள்.

மூன்று நான்கு மாதம் உண்மையாகத் தேடியும் தகுந்த இடம் கிடைக்கவில்லை, மீன் வளைந்து புண்ணாகிக்கொண்டிருக்கிறது என்றால், கால்நடை மருத்துவர் ஒருவரின் உதவியோடு கிராம்புத் தைலத்தால் ஆழ்ந்து மயக்கி, வலியில்லாமல் முடித்துவிடுவது என்ற வழியும் இருக்கிறது. இதை எழுத எனக்கு மனமில்லை. ஆனாலும் மறைக்கக் கூடாது. எட்டு வருடம் மடங்கிக் கிடந்து சாவதைவிடவும், கண்மாயில் விடுவதைவிடவும் அது நேர்மையான முடிவு. தரையில் போட்டுச் சாக விடுவதும், ஃப்ரீசரில் வைப்பதும் கொடுமை. அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் மீன் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. ஒன்றரை அடி மீனுக்கு இன்னும் ஆள் கிடைக்கும்.

ஷார்க் வாங்கலாமா என்று மகன் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். தொட்டி மீன் கடைகளில் அந்தப் பெயரில் விற்பது ஷார்க்கே இல்லை, அதுவும் கெளுத்திதான். கம்போடியா, வியட்நாம் வழியாகப் பாயும் மீகாங், தாய்லாந்தின் சாவோ பிரயா ஆறுகளின் மீன். ஒரு மீட்டருக்கு மேல் வளரும். ஹோட்டல்களில் 'பாசா' என்று முள்ளில்லாத துண்டாக வருகிறதே, பெரும்பாலும் அதுதான். அதன் நெருங்கிய சொந்தக்காரனான மீகாங் ராட்சதக் கெளுத்தி ஒன்றை 2005-இல் வட தாய்லாந்தில் பிடித்தார்கள், எடை 293 கிலோ. அது போதாதென்று, கூட்டமாக வாழ்கிற, எளிதில் மிரளுகிற மீன் அது. தனியாக நாலடித் தொட்டியில் விட்டால் கண்ணாடியில் மோதி மோதி மூக்கை உடைத்துக்கொள்ளும். டைகர் ஷவல்நோஸ் என்ற இன்னொரு பெரிய கெளுத்தி, அதையும் ரெட் டெயிலையும் சேர்த்து உண்டாக்கிய கலப்பு, இவையும் வேண்டாம்.

அவனுக்கு மீசை வைத்த மீன்தான் பிடிக்கும் என்றால் வழி இருக்கிறது. உங்கள் நாலடித் தொட்டி நல்ல தொட்டி, அதை விற்காதீர்கள். ஃபில்டர் ஒழுங்காக ஓடத் தொடங்கிய பிறகு கோரிடோராஸ் என்ற குட்டிக் கெளுத்தியில் எட்டு விடலாம். இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் வளராது, கூட்டமாகத் தரையைத் துழாவிக்கொண்டு போவதைப் பார்க்க அவ்வளவு அழகு. அவற்றுக்கு மட்டும் மென்மையான மணல் போட்டுக் கொடுங்கள். தலைகீழாக நீந்துகிற சின்ன ஆப்பிரிக்கக் கெளுத்தி ஒன்று இருக்கிறது, அப்சைடு டவுன் என்று கேட்டால் தெரியும், நாலு அங்குலம். நாலைந்து சேர்த்து விட வேண்டும். நம் ஊர் கீற்றுக் கெளுத்தியும் தொட்டியில் நன்றாக வாழும், ஆனால் அதோடு சின்ன மீனை விடக் கூடாது.

குண்டன் போகிற அன்று மகனையும் கூட அழைத்துப் போங்கள். பள்ளிக்கூடம் போயிருக்கிற நேரத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டு வராதீர்கள். புது இடத்தில் அது எப்படி நீட்டி, வால் முழுக்க விரித்து நீந்துகிறது என்று அவன் பார்க்கட்டும். அதுவரை தண்ணீர் மாற்றும் நாள், தீனி போட்ட நாள், அம்மோனியா அளவு மூன்றையும் ஒரு நோட்டில் அவனையே எழுதச் சொல்லுங்கள். எடுத்துக்கொள்ள வருகிறவரும் அதைத்தான் முதலில் கேட்பார். பத்து நாள் கழித்து அந்தக் குறிப்பையும், மேலே நின்று எடுத்த ஒரு போட்டோவையும் எனக்கு அனுப்புங்கள். வயிறு எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.